கண்ணை மூடுங்க, ஓட்டுப் போடலாம்

வாக்காளர் அடையாள அட்டையில் இருக்கிற ஆளும், அந்த அட்டையைக் கையில் வைத்திருக்கிற ஆளும் ஒருவர்தான் என்று நம்புவதற்குக் கொஞ்சம் பெருந்தன்மை வேண்டும். அந்தப் படம் ஒழுங்காக விழுந்த ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அழகான பெண்கள் அதில் ஜுரம் வந்து எழுந்த மாதிரி இருப்பார்கள். பரம சாதுக்கள் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருப்பார்கள். ஆனாலும் சொந்தக்காரர்கள் யாரும் அதைக் காட்டிச் சண்டைக்கு வருவதில்லை. ஏதோ அரசாங்கம் எடுத்தது, போகட்டும் என்று விட்டுவிடுவோம்.

எனக்கு இருபத்து நாலு வயதில் அந்தப் பெருந்தன்மை இல்லை. அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட முடியாத, சட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத ஆசிரியை நான். (சட்டமும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.)

முதலில் என் அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கிளியனூர்ப் பக்கம். அங்கே பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க வந்தவர், "கண்ணை மூடாதீங்க, கண்ணை மூடாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் கத்திக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது நான் மிகவும் கீழ்ப்படிந்துவிட்டேன். கண்கள் இரண்டும் வெளியே வந்து விழுந்துவிடும் போல, புருவம் உச்சந்தலையைத் தொட, ஒரு முழி. அட்டை வந்ததும் என் தம்பி செந்தில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, ராத்திரியில இத வாசல்ல மாட்டி வெய்யி, திருடன் வர மாட்டான்" என்றான். அன்றிலிருந்து அந்த அட்டையை நான் கைப்பையின் அடி ஆழத்தில் வைத்திருந்தேன்.

2006 சட்டமன்றத் தேர்தலுக்கு எனக்கு டியூட்டி வந்தது. எங்கள் அப்பா மணிலா, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிற விவசாயி. எங்கள் வம்சத்திலேயே அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். தபாலில் வந்த ஆணையை அவர் டீக்கடை வரைக்கும் எடுத்துக்கொண்டு போய், "எம் பொண்ணு எலெக்‌ஷன் ஆபீசரு" என்று காட்டிவிட்டு வந்தார். உண்மையில் எனக்குக் கிடைத்த பதவி முதல் நிலை வாக்குப்பதிவு அலுவலர். வாசலிலேயே உட்கார்ந்து, வருகிற ஆள் பட்டியலில் உள்ள ஆள்தானா என்று பார்த்து உள்ளே அனுப்புவது வேலை. பெயர்தான் பெரிது.

திண்டிவனத்தில் பயிற்சி வகுப்பு நடந்தது. பாடம் எடுத்தவர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். "படத்தைப் பாருங்க. முகத்தைப் பாருங்க. ரெண்டும் ஒண்ணாயிருந்தா உள்ள விடுங்க. தப்பான ஆளை விட்டீங்க, சஸ்பெண்டு! அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

வேலை இன்னும் நிரந்தரமாகாத, தகுதிகாண் பருவத்தில் இருந்தவள் நான். 'சஸ்பெண்டு' என்று எழுதி, அடிக்கோடு போட்டு, அதைச் சுற்றி ஒரு கட்டமும் போட்டேன். நான் கட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தொடர்ந்து ஏதோ சொன்னார். படம் சரியில்லை என்றால் பெயர், அப்பா பெயர், வயது, வீட்டு எண் கேட்டுச் சரிபார்க்கலாம், வேறு அட்டைகளைப் பார்க்கலாம், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுகள் யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் அனுமதிக்கலாம் என்றாராம். கட்டம் ரொம்ப நேர்த்தியாக வந்தது.

அந்த வகுப்பிலேயே எங்களுக்குத் தபால் ஓட்டும் கொடுத்தார்கள். தேர்தல் வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் ஊரில் போய் ஓட்டுப்போட முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. ஓட்டுச்சீட்டு ஓர் உறையில், 'இந்த ஓட்டைப் போட்டது நான்தான்' என்கிற உறுதிமொழி தனியாக, இரண்டையும் சேர்த்து இன்னொரு பெரிய உறையில் போட வேண்டும். அந்த உறுதிமொழியில் நம்மை நேரில் தெரிந்த, அல்லது நம் அடையாளத்தைப் பார்த்துத் திருப்தியடைந்த அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்த அதிகாரியின் முன்னால் நின்ற வரிசை தெருவரைக்கும் போனது. என் அட்டையை அத்தனை பேர் முன்னால் வெளியே எடுக்கவும் எனக்கு மனமில்லை. நம் சாவடியின் தலைமை அலுவலரே கையெழுத்துப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். சரி, அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று உறையை மடித்து வைத்துக்கொண்டேன். முந்தைய தேர்தல்களின்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்ததால் அதுதான் என் முதல் ஓட்டு. வீணாக்கிவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

எனக்கு ஒதுக்கிய சாவடி மரக்காணத்துக் கரையில் ஓர் உப்பளத்து ஊர். பள்ளிக்கூடத்து வாசலில் நின்றால் எதிரே பாத்திகள்தான். பாத்திக்குப் பாத்தி வரப்பு, வரப்பு ஓரமெல்லாம் உப்புக் குவியல். மே மாதம், உப்பு விளைகிற உச்சகட்டம். வெயில் ஏறிய பிறகு அந்தப் பக்கம் திரும்பினால் கண்ணைத் திறக்க முடியாது. நான் முந்தைய நாள் சாயங்காலம் போய் இறங்கியதால் இது எனக்குத் தெரியவில்லை. அப்போது காற்று நன்றாக வந்தது, பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

எங்கள் தலைமை அலுவலர் தனபால் சார், ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். "பெட்டி பத்திரமா போயி சேரணும், நாமளும் பத்திரமா போயி சேரணும். வேற எந்த வீரமும் வேணாம்மா" என்பது அவருடைய கொள்கை. விரலில் மை வைக்கிற வேலை மேரி அக்காவுக்கு. ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். இதற்கு முன் பல தேர்தலைப் பார்த்தவர் என்பதால் கையோடு விசிறியும் புளிச்சாதமும் கொண்டுவந்திருந்தார். இயந்திரத்தின் பொத்தானை அழுத்தி ஓட்டுக்கு அனுமதி கொடுப்பவர் இன்னொருவர். அவர் அன்று முழுக்க வாயே திறக்கவில்லை என்பதால் பெயர் நினைவில்லை.

உறுதிமொழியில் கையெழுத்து வேண்டும் என்று நான் தனபால் சாரிடம் கேட்டேன்.

"நாளைக்கு ஓட்டு முடியட்டும். பொறுமையா பாத்துட்டுப் போடுறேன். எங்க ஓடிடப் போறேன்?" என்றார்.

காலையில் வாக்குப்பதிவு தொடங்கியது. இரண்டு கட்சி ஏஜெண்டுகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் பங்காளிகள், பல வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது என்று மேரி அக்கா காதில் சொன்னார். முதலில் கடைத்தெருக்காரர்களும் வீட்டில் இருந்தவர்களும் வந்தார்கள். அவர்களின் அட்டைகள் சுமாராக இருந்தன. படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, பெயரைச் சத்தமாகப் படித்து அனுப்பினேன். என் திறமையில் எனக்கே ஒரு மயக்கம் வந்துவிட்டது.

வெயில் ஏறியதும் உப்பளத்து வேலையாட்கள் கூட்டமாக வந்தார்கள். விடிவதற்கு முன்னால் இறங்கி உப்பு வாரிவிட்டு, அப்படியே கைகால் கழுவிக்கொண்டு வந்தவர்கள். முன்னால் நின்றவர் அஞ்சலை அக்கா. நடுத்தர வயது, தலையில் துண்டு, நல்ல உயரம். அட்டையை நீட்டினார்.

படத்தைப் பார்த்தேன். அதில் ஒருவர் இரண்டு கண்ணையும் இறுக்க மூடி, மூக்கைச் சுருக்கி, மேல்பல் வரிசை முழுவதும் தெரிய, எலுமிச்சம்பழத்தைக் கடித்தவர் போல இருந்தார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். பெரிய கண்களோடு ஒரு லட்சணமான பெண் நின்றிருந்தார்.

"இது நீங்க இல்லையே" என்றேன்.

"நாந்தாம்மா."

"கண்ணு மூடியிருக்குதே?"

"வெயிலும்மா. உப்புல கண்ணு கூசாதா?"

"இந்தப் படத்தை வெச்சி நான் எப்படிம்மா உங்கள அனுப்பறது? அடுத்தவங்க வாங்க."

அடுத்தவர் ஓர் ஆண். அட்டையில் அவரும் கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கி, பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்தவரும் அப்படியே. நான் வரிசையில் இருந்தவர்களின் அட்டைகளை எட்டிப் பார்த்தேன். அத்தனை பேரும் அதே எலுமிச்சம்பழத்தைக் கடித்திருந்தார்கள். ஆணா பெண்ணா என்பதைக்கூடச் சட்டையையும் புடவையையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஏஜெண்டுகளில் ஒருவர் விளக்கினார். இவர்களுக்குப் படம் எடுக்க ஆள் வந்தது உப்பு வாருகிற பருவத்தில். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு யாரும் வர மாட்டார்கள் என்று படமெடுக்கிறவரே பாத்தி ஓரத்துக்கு வந்துவிட்டார். முகத்தில் வெளிச்சம் நன்றாக விழட்டும் என்று, உச்சி வெயிலில், ஒவ்வொருவரையும் உப்புக் குவியலைப் பார்த்தபடி நிற்க வைத்து எடுத்திருக்கிறார். வெளிச்சம் நன்றாகவே விழுந்திருக்கிறது.

"எல்லாம் எங்க ஊரு ஆளுங்கதான் டீச்சர். விடுங்க" என்றார் அவர்.

எதிர்க்கட்சி ஏஜெண்டும், பல வருடத்தில் முதல் முறையாக, "அவன் சொல்றது சரிதான் டீச்சர்" என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது. என் கண்ணுக்குள் அந்தக் கட்டம் போட்ட சொல் வந்து நின்றது. "நீங்க சொன்னா ஆகாதுங்க. படம் சொல்லணும்" என்றேன் நான். (இந்த வசனத்தைச் சொல்லும்போது குரலை வேறு கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.)

"அப்ப ரேஷன் கார்டு கொண்டாரட்டா? வீட்டுக்குப் போயி வர்றதுக்குள்ள லாரி வந்துடும்மா. லோடு ஏத்தறதுக்கு ஆளில்லன்னா மேஸ்திரி நாளைக்கு வேற ஆளப் போட்டுடுவாரு" என்றார் அஞ்சலை அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. வெயிலில் நின்று வேலை செய்துவிட்டு ஓட்டுப்போட வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. உள்ளே விடவும் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த அற்புதமான யோசனை உதித்தது.

"அக்கா, கொஞ்சம் கண்ணை மூடுங்க."

மூடினார்.

"இன்னும் இறுக்கமா. மூக்கைச் சுருக்குங்க. பல்லு தெரியட்டும். இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே இருங்க!"

அட்டையை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆகா! சாட்சாத் அதே ஆள். சட்டமும் ஜெயித்தது, மனிதாபிமானமும் ஜெயித்தது. பட்டியலில் கோடு போட்டு, பெயரைப் படித்து, அவரை அனுப்பிவைத்தேன். உலகத்தில் வேறு எந்த அதிகாரிக்காவது இது தோன்றியிருக்குமா என்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். தனபால் சார் வாக்குச்சாவடி நாட்குறிப்பில் தலையைப் புதைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஏஜெண்டுகள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவும் பல வருடத்தில் முதல் முறைதான்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. வாசலுக்கு வெளியே செய்தி பரவிவிட்டது. "உள்ள போனதும் கண்ண மூடணுமாம், டீச்சரம்மா சொல்றாங்க." நான் சொல்வதற்கு முன்னாலேயே வருகிறவர்கள் கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கி, பல்லைக் காட்டத் தொடங்கினார்கள். என் முறையில் ஒரே ஒரு குறை இருந்தது. கண்ணை எப்போது திறக்க வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

அஞ்சலை அக்காவுக்கு அது தானாகப் புரிந்தது. பின்னால் வந்தவர்கள் அரசாங்க உத்தரவு என்று நினைத்துவிட்டார்கள். மூடிய கண்ணோடு மேரி அக்காவின் மேசைக்குத் தடவிக்கொண்டே போனார்கள். மேரி அக்கா விரலைத் துணியால் துடைத்து மை வைத்து, "ஏம்பா, தூங்கிட்டே ஓட்டுப் போடப் போறியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதை நான் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பெரியவர் இயந்திரம் வைத்திருந்த அட்டை மறைப்பில் மோதி, அதைச் சாய்த்து, மறுபடி நிமிர்த்தி வைத்துவிட்டு ஓட்டுப்போட்டார். தடுக்கி விழக் கூடாது என்று பின்னால் வந்தவர்கள் முன்னால் போகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஜீப் வந்து நின்றது.

தேர்தல் பார்வையாளர் வேறு மாநிலத்து ஐ.ஏ.எஸ். அதிகாரி. தமிழ் தெரியாது. கூடவே ஒரு துணை தாசில்தார், துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர். கூனிமேட்டில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் யாரோ அவர்களிடம், "அந்தச் சாவடியில ஓட்டுப் போடறவங்கள கண்ண மூடச் சொல்லிப் பட்டன அமுக்க வெக்கறாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். வதந்தி என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாராம். உள்ளே காலை வைத்தவர் கண்ணில் பட்டது இதுதான்: குடிமக்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, இறுக்க மூடிய கண்களோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, வாக்குப்பதிவு இயந்திரத்தை நோக்கி ரயில் வண்டி மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள். வாசல் மேசையில் ஒரு பெண், "மூடுங்க, நல்லா மூடுங்க, திறக்கக் கூடாது" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

அறையில் சத்தம் நின்றது. இயந்திரம் மட்டும் 'பீப்' என்றது.

"ஏம்மா, ஓட்டுப் போட வர்றவங்களக் கண்ணை மூடச் சொல்றீங்களாமே? எதுக்கு?" என்றார் துணை தாசில்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

நான் எழுந்து நின்றேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஆனால் திறந்தது கண்கள்தான். இரண்டும் வெளியே வந்து விழுந்துவிடும் போல. "சார்... க்ளோஸ் ஐஸ்... போட்டோ... சால்ட்..." என்றேன். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த மற்ற எல்லாச் சொற்களும் அந்த நிமிடத்தில் என்னைக் கைவிட்டன. அப்பா டீக்கடையில் ஆணையைக் காட்டியது கண் முன்னால் வந்தது. மறு ஓட்டுப்பதிவு, சஸ்பெண்டு, அப்பா அதே டீக்கடை வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு போவது, இதெல்லாம் வரிசையாக ஓடியது.

தனபால் சார் நாட்குறிப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். ரயில் வண்டியை அப்போதுதான் பார்த்தார். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிற மனிதர் அந்தக் காட்சியைப் பார்த்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆண்டவா" என்றார், அவ்வளவுதான்.

பார்வையாளர் யாரையும் திட்டவில்லை. வரிசையின் முன்னால் இருந்தவரிடம் கையை நீட்டி அட்டையை வாங்கினார். அட்டையைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். பெரிய அதிகாரி பார்க்கிறார் என்றதும் அந்த ஆள் பணிவாகக் கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கி, பல்லைக் காட்டினார். பார்வையாளர் மறுபடி அட்டையைப் பார்த்தார். அடுத்தவரின் அட்டையை வாங்கினார். அவரும் அப்படியே செய்தார். அதற்கு அடுத்து நின்ற பெண் அட்டையைக் கொடுப்பதற்கு முன்பே தயாராக நின்றார். பார்வையாளரின் மீசை ஓரத்தில் ஏதோ துடித்தது. அது கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை.

ஏஜெண்டுகள் பக்கம் திரும்பி ஏதாவது புகார் உண்டா என்று கேட்கச் சொன்னார். "ஒண்ணுமில்லைங்க. எல்லாம் எங்க ஆளுங்கதான். டீச்சருக்குத்தான் நம்பிக்கை வரல" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். துணை தாசில்தார் அதை ஆங்கிலத்தில் சொன்னார். படம் எடுத்த கதையையும் சேர்த்துச் சொன்னார்.

"எங்கே எடுத்தார்கள்?" என்று கேட்டார் பார்வையாளர். ஏஜெண்டு வாசலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

அவர் விறுவிறுவென்று வெளியே போனார். பின்னாலேயே துணை தாசில்தார், போலீஸ்காரர், தனபால் சார், கடைசியில் நான். பள்ளிக்கூடத்து நிழலைத் தாண்டி, பாத்திகளைப் பார்த்து நின்றார். உச்சி வெயில். எதிரே குவியல் குவியலாக உப்பு. ஒரு நொடிதான். அவருடைய இரண்டு கண்ணும் இறுக்க மூடிக்கொண்டன. மூக்கு சுருங்கியது. மீசைக்குக் கீழே மேல்பல் வரிசை முழுவதும் தெரிந்தது. பக்கத்தில் துணை தாசில்தார், அதே முகம். போலீஸ்காரர், அதே முகம்.

தனபால் சார் என் பக்கம் குனிந்து, உதடு அசையாமல் சொன்னார்: "பாத்துக்கம்மா. ஐயாவுக்கு இந்த ஊர்ல ஓட்டு இருக்குது."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. பார்வையாளர் திரும்பினார். செத்தேன் என்று நினைத்தேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே, நிழலுக்கு வந்து, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். தொப்பை குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் சிரிக்கலாம் என்று துணை தாசில்தாரும் சிரித்தார்.

பிறகு அவர் என்னிடம் பொறுமையாகச் சொன்னார், துணை தாசில்தார் தமிழில் சொன்னார். படம் சரியில்லை என்றால் மற்ற விவரங்களைக் கேட்டுப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். உள்ளூர் ஏஜெண்டுகள் மறுக்கவில்லை என்றால் அனுப்புங்கள். ஓட்டுப்போட வருகிறவரை நடிக்கச் சொல்லாதீர்கள். இவர்களுக்குப் புதிதாகப் படம் எடுக்க நான் எழுதுகிறேன், சாயங்கால வேளையில் எடுக்கச் சொல்லி எழுதுகிறேன். அவ்வளவுதான். தனபால் சாரின் நாட்குறிப்பில் வாக்குப்பதிவு ஒழுங்காக நடக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஜீப்பின் தூசி அடங்கும் வரை நின்று பார்த்தேன். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, மேரி அக்காவின் செம்பிலிருந்த தண்ணீரை முழுவதும் குடித்தேன். வேலை போகவில்லை. அப்பா டீக்கடைக்குப் போகலாம். அதைவிட, யாரையும் ஓட்டுப்போடாமல் திருப்பி அனுப்பவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒரே சமயத்தில் வந்தன. உடம்பிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மேரி அக்கா விசிறியை எடுத்து எனக்கு வீசிக்கொண்டே, "ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்புடு. நானும் மொதல்லயே கேட்டேன், தூங்கிட்டா ஓட்டுப் போடறாங்கன்னு" என்றார்.

அத்தோடு முடியவில்லை. ஊர் முழுக்கச் செய்தி பரவியிருந்ததால் மதியத்துக்கு மேல் வந்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டே வந்தார்கள். "மூட வேணாங்க, திறங்க" என்று நான் கெஞ்சினேன். யாரும் நம்பவில்லை. படம் நன்றாக விழுந்த ஒரு கடைக்காரர்கூட மூடிக்கொண்டு நின்றார்.

"உங்க படத்துல கண்ணு திறந்துதாங்க இருக்குது. திறங்க" என்றேன்.

"காலைல மூடுனவனுக்கெல்லாம் ஓட்டு உண்டு, எனக்கு மட்டும் இல்லையா? நல்லாருக்குதே ஞாயம்!" என்று சண்டைக்கு வந்தார். கடைசியில் மூடியபடியே அனுப்பிவைத்தேன். தோளைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் மேரி அக்காவே எழுந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

மாலையில் வாக்குப்பதிவு முடிந்து, இயந்திரத்துக்கு முத்திரை வைத்து, ஏஜெண்டுகளிடம் கையெழுத்து வாங்கி, வேன் வருவதற்காகக் காத்திருந்தோம். உறை நினைவுக்கு வந்தது. தயங்கித் தயங்கித் தனபால் சார் முன்னால் போய் நின்றேன்.

"சார், என் தபால் ஓட்டு... உறுதிமொழியில கையெழுத்து..."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை நிதானமாகப் படித்தார். "உன்னை எனக்கு நேர்ல தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா உன் அடையாளத்தப் பாத்து நான் திருப்தியாகணும்னு போட்டுருக்குது. நேத்துதான் உன்னப் பாத்தேன். அதனால அட்டைய எடும்மா."

"சார், வேணாம் சார்."

"சட்டம்மா. நான் சொன்னா ஆகாது, படம் சொல்லணும்னு காலைல யாரோ சொன்னாங்களே?" (நாட்குறிப்பில் தலையைப் புதைத்திருந்தாலும் காது வெளியேதான் இருந்திருக்கிறது.)

வேறு வழியில்லை. கைப்பையின் அடி ஆழத்திலிருந்து அதை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். மேரி அக்கா எட்டிப் பார்த்து, "ஏசுவே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏஜெண்டுகள் இரண்டு பேரும் ஒருவர் தோள் மேல் ஒருவர் சாய்ந்து பார்த்தார்கள். நானும் தலைவிதியே என்று, படத்தில் இருப்பது போலவே காட்டட்டுமா சார் என்று கேட்டேன்.

"வேணாம், வேணாம். அப்சர்வர் உள்ள வந்தப்பவே காட்டிட்ட" என்றார் தனபால் சார். "இதே முழிதான். அச்சு அசல். எனக்குப் பூரண திருப்தி." சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டார்.

பெட்டியை ஒப்படைத்த இடத்திலேயே என் உறையையும் சேர்த்தேன். நான் போட்ட ஆள் ஜெயித்தாரா என்பது ரகசியம். என் ஓட்டு செல்லுபடியானது என்பது மட்டும் எனக்கு நிச்சயம். அத்தனை உறுதியாக அடையாளம் காணப்பட்ட வாக்காளர் அந்தத் தேர்தலில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

வீட்டில் இதைச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். நிம்மதி தாங்காமல் வந்த அன்றே சொல்லிவிட்டேன். செந்தில் தரையில் உருண்டு சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை, "பெரிய ஆபீசரே வந்து பாத்துட்டுப் போனாரா?" என்று கேட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை நானும் கணவரும் மகளும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். மரக்காணத்தில் ஏறிய ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா டீச்சர், என்னைத் தெரியலியா?" என்றார். உயரமான பெண், பெரிய கண்கள், நரைத்த தலை. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது, பெயர் வரவில்லை. அசடு வழியச் சிரித்தேன்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில், இரண்டு கண்ணையும் இறுக்க மூடி, மூக்கைச் சுருக்கி, மேல்பல் வரிசை முழுவதையும் காட்டினார்.

"அஞ்சலை அக்கா!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"புதுசா போட்டோ புடிச்சிக் குடுத்துட்டாங்க டீச்சர். சாயங்காலம் வந்துதான் எடுத்தாங்க. இப்ப கண்ணு நல்லா தெறந்துகினு இருக்குது" என்று சொல்லி, பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. "ஆனா பழசத் தூக்கிப் போட மனசு வரல. அதுலதான் நீங்க என்ன நம்புனீங்க" என்றார்.

அவரை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு இப்போது ஓட்டுப்போடுகிற வயது நெருங்கிவிட்டது. யாராவது கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து நான், "யாரது?" என்று கேட்பேன். வந்தது அவளாக இருந்தால் பதில் வராது. கதவைத் திறந்தால் வாசலில் கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கி, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாள். நான் அவளை அடையாளம் கண்டு, பெயரைச் சத்தமாகப் படித்து, உள்ளே அனுமதிக்கும் வரை திறக்க மாட்டாள்.